தூசிப் பாதை – 17: இருவருக்கும் 111

சென்ற அத்தியாயத்தை செபாஸ்டியன் லோபின் 2001-ஆம் ஆண்டுக் கணக்கோடு நிறுத்தியிருந்தோம். சூப்பர் 1600 கோப்பைக்கான ஆறு ரேலிகளில் ஐந்தை அவர் வென்றார். மீதி ஒன்றான சான்ரெமோவில் அவர் அந்த வகுப்பில் ஓடவே இல்லை. சிட்ரோயன் அவரிடம் எக்ஸாரா டபிள்யுஆர்சி காரைக் கொடுத்தது. அதில் ஒட்டுமொத்தப் பட்டியலில் இரண்டாவதாக வந்து ரேலி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். அவருடைய திறமையில் யாருக்கும் ஐயமில்லை. ஆனாலும் தோற்றவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருந்தது. அவர் ஓட்டியது சிட்ரோயன் தொழிற்சாலை தந்த சாக்ஸோ. எதிரே ஓடியவர்கள் புன்டோவிலும் இன்னபிற கார்களிலும் வந்தவர்கள். யார் நல்ல ஓட்டுநர், யாருக்கு நல்ல கார் வாய்த்தது என்பதை யார் பிரித்துச் சொல்வது?

அந்தக் கேள்வி பத்தாண்டு காலம், அந்தக் கோப்பையின் தொடர்ச்சியான ஜூனியர் சாம்பியன்ஷிப்பை விட்டு அகலவில்லை. 2001 முதல் 2010 வரையிலான வெற்றியாளர்களைப் பாருங்கள். லோபுக்குப் பின் டானி சோலா, பிறகு டானி சோர்டோ, செபாஸ்டியன் ஓஜியே, மார்ட்டின் புரோகோப் என்று சிட்ரோயன்காரர்கள் வரிசை. இடையிடையே பிரிஸ் திராபாஸியும் பாட்ரிக் சான்டெலும் ரெனோ கிளியோவில் வென்றார்கள். பெர்-குன்னர் ஆண்டர்சன் சுஸுகியில் இரண்டு முறை, ஆரோன் புர்கார்ட் சுஸுகியில் ஒரு முறை. பத்துப் பட்டங்கள், மூன்றே மூன்று நிறுவனங்கள். சூப்பர் 1600 கார் என்பது பார்க்கத்தான் சின்னது. செலவில் பெரிய காருக்கு இளைத்ததில்லை. தொழிற்சாலையின் கைபிடித்தவன் முன்னால் போனான். அப்பாவின் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து வந்தவன் பின்னால் தூசி தின்றான். போகப் போக இந்தக் களத்தில் ஆளும் குறைந்தது.

ஒரே கார் என்ற யோசனை புதிதல்ல. இத்தாலியில் 1977-லேயே ஆட்டோபியாங்கி ஏ112 அபார்த் காருக்கென்று தனிக் கோப்பை தொடங்கியது. குட்டிக் கார், கொஞ்சம் குதிரைசக்தி, நிறைய இளைஞர்கள். முதல் ஆண்டு வென்ற அத்திலியோ பெத்தேகா, பின்னாளில் லான்சியா அணிக்குப் போய், 1985-ல் கோர்சிகாவில் உயிரிழந்தவர். அவரைப் பற்றி குரூப் பி அத்தியாயங்களில் பார்த்தோம். பிரிட்டனில் ரிச்சர்ட் பர்ன்ஸ் பெஜோ 205 ஜிடிஐ வழியாக ஏறி வந்தார். பிரான்ஸில் ஓஜியே, மெக்கானிக் வேலை படித்தவர், பனிச்சறுக்கு கற்றுக்கொடுத்துப் பிழைத்தவர், 2005-ல் 'ரேலி ஜூன்' தேர்வில் வென்று, பெஜோ 206 கோப்பையில் நுழைந்து, 2007-ல் அதைக் கைப்பற்றினார். மறு ஆண்டே ஜூனியர் உலகப் பட்டம். இவை எல்லாம் நாட்டளவில் நடந்தவை. உலக சாம்பியன்ஷிப்பின் மேடையில், அதே சாலையில், அதே வாரத்தில், எல்லா இளைஞர்களுக்கும் ஒரே கார் கொடுத்து ஓடவிட்டால் என்ன என்று எஃப்ஐஏ துணிந்தது 2011-ல்தான்.

பெயர் டபிள்யுஆர்சி அகாடமி. கார், ஃபோர்டு ஃபியஸ்டா ஆர்2. 1.6 லிட்டர் எஞ்சின், டர்போ கிடையாது, சுமார் 170 குதிரைசக்தி, ஐந்து கியர் சீக்வென்ஷியல் பெட்டி, முன்சக்கர இயக்கம். கார்களைக் கட்டித் தந்து பராமரித்தது இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் கம்பிரியாவில் இருக்கும் எம்-ஸ்போர்ட். மால்கம் வில்சனின் பட்டறை; ஃபோர்டின் பெரிய கார்களும் அங்கிருந்துதான் வந்தன. டயர் பிரெல்லி. அந்த ஆண்டு பெரிய கார்களுக்கு மிஷலின் திரும்பி வந்திருந்தது, சின்னவர்களுக்கு பிரெல்லி. ஓட்டுவதோடு பாடமும் உண்டு: பேஸ் நோட்ஸ் (துணை ஓட்டுநர் படித்துச் சொல்லும் வளைவுக் குறிப்புகள்) எழுதுவது, உடற்பயிற்சி, பத்திரிகையாளர்களிடம் பேசுவது எல்லாவற்றுக்கும் வகுப்பு வைத்தார்கள். இருபது வயதுப் பையன்கள் இதையெல்லாம் எவ்வளவு தூரம் காதில் வாங்கினார்கள் என்று எனக்குச் சந்தேகமே. அவர்கள் கண் வேறொன்றில் இருந்தது. பட்டம் வெல்பவருக்கு அடுத்த ஆண்டு மேல்படியில் ஓட 5 லட்சம் யூரோ. அன்றைய மதிப்பில் மூன்று கோடி ரூபாய்க்கு மேல்.

புள்ளிக் கணக்கில் ஒரு விசேஷம் செய்திருந்தார்கள். முதல் இடத்துக்கு 25, இரண்டுக்கு 18, மூன்றுக்கு 15 என்ற வழக்கமான ஏணி அப்படியே இருந்தது. அதற்கு மேல், ஒவ்வொரு ஸ்டேஜிலும் யார் வேகமாக வருகிறாரோ அவருக்குத் தனியாக ஒரு புள்ளி. ஒரு ரேலியில் பத்துப் பதினைந்து ஸ்டேஜ்கள். பத்தில் ஒரு விநாடி முன்னால் வந்தாலும் ஒரு புள்ளிதான், ஒரு நிமிடம் முன்னால் வந்தாலும் அதே ஒரு புள்ளிதான். முதலில் பார்த்தவர்களுக்கு இது ஏதோ பாயசத்தில் போட்ட முந்திரி போலத் தெரிந்திருக்கும். கடைசியில் இந்த ஒற்றைப் புள்ளிதான் பட்டத்தையே தீர்மானித்தது.

ரேலியில் இரண்டு வகை அறிவு வேண்டும். ஒன்று வேகம். இன்னொன்று, காரை முழுசாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுமை. பழைய புள்ளிமுறை பொறுமைக்குச் சாதகமானது. பக்கத்தில் ஓடுகிறவன் மரத்தில் மோதும் வரை காத்திருந்து இரண்டாவதாக வந்தால் 18 புள்ளி நிச்சயம். ஸ்டேஜுக்கு ஒரு புள்ளி என்றதும் அந்தக் கணக்கு கலைந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும், ஒவ்வொரு ஸ்டேஜின் தொடக்கத்திலும், ஆபத்தை விலைபேசிப் பார்க்க வேண்டிய கட்டாயம் வந்தது. இளைஞர்களுக்கு நிதானம் கற்றுக்கொடுக்கப் பள்ளி தொடங்கிவிட்டு, நிதானத்தை விட்டால் பரிசு என்று விதி எழுதியது வேடிக்கைதான். ஆனால் அதில் ஒரு கணக்கும் இருந்தது: உலக அணிகள் தேடுவது வேகம் உள்ளவனை. நிதானத்தைச் சொல்லிக்கொடுக்கலாம், வேகத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது என்பது ரேலி மேலாளர்களின் பழைய நம்பிக்கை.

ஆறு ரேலிகள். மார்ச் கடைசியில் போர்ச்சுகலின் தெற்கே அல்கார்வ், மே மாதம் சார்டினியா, ஜூலை முடிவில் ஃபின்லாந்து. இவை மூன்றும் மண், சரளை. ஆகஸ்டில் ஜெர்மனி, அக்டோபர் தொடக்கத்தில் பிரான்ஸின் அல்ஸாஸ். இவை தார்ச்சாலை. நவம்பரில் வேல்ஸ் காடு, சேறு.

சார்டினியாவைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இந்தப் பையன்கள் எதைச் சமாளித்தார்கள் என்று புரியும். அங்கே பாதையின் மேல்தோல் மெல்லிய மணல், அடியில் பாறை. முதலில் போவது லோப், ஓஜியே, ஹிர்வோனென், லட்வாலாவின் நான்குசக்கர இயக்கக் கார்கள். அவை மணலை வாரி வெளியே எறிந்துகொண்டே போகும். சக்கரம் போகும் தடத்தில் பள்ளம் விழும், பாறை பல்லைக் காட்டும். அந்தக் கார்கள் எல்லாம் போய் முடிந்த பிறகுதான் அகாடமி கார்களுக்குப் பச்சை விளக்கு. ஃபியஸ்டா ஆர்2-வின் வயிறு தாழ்வு, இழுவிசை குறைவு. தடத்துக்குள் இறங்கினால் அடித்தகடு கல்லில் உரசும். தடத்துக்கு வெளியே ஓட்டினால் தளர்ந்த மணலில் முன்சக்கரம் பிடி இழந்து கார் நேரே போகும். இரண்டு நாளுக்கு முன் ரெக்கியில், அதாவது பாதையை முன்கூட்டிப் பார்க்கும் ஓட்டத்தில், எழுதிய நோட்ஸில் 'சாதாரண வலது நாலு' என்று இருந்த வளைவு இப்போது நடுவில் முழங்கால் ஆழக் குழியோடு காத்திருக்கும். துணை ஓட்டுநர் படிப்பது பழைய சாலையை. ஓட்டுநர் பார்ப்பது புதிய சாலையை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டும்.

இதில் ஊசிவளைவு இன்னொரு தலைவலி. பெரிய காரில் சிறு பிழை செய்தாலும் டர்போ தள்ளிவிடும், நான்கு சக்கரமும் கவ்வி இழுத்துவிடும். ஃபியஸ்டாவில் வேகத்தை ஒருமுறை இழந்தால் அதைத் திரும்பச் சம்பாதிக்க அடுத்த மேடு வரை எஞ்சின் முக்க வேண்டும். அதனால் தேர்ந்த முன்சக்கர ஓட்டுநர் இடது காலால் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வலது காலை ஆக்ஸிலரேட்டரில் இருந்து எடுக்காமல் வளைவுக்குள் நுழைவார். எஞ்சினின் சுருதி இறங்கவே கூடாது. ஓரமாக நின்று கேட்பவருக்கு, கண்ணை மூடிக்கொண்டே யார் வேகமானவர் என்று சொல்லிவிட முடியும்.

இந்தக் கலையில் ஆண்டின் தொடக்கத்தில் கெட்டிக்காரராகத் தெரிந்தவர் எகோன் காவுர். எஸ்டோனியாக்காரர். அந்த நாட்டின் மக்கள்தொகை பதினான்கு லட்சத்துக்கும் குறைவு. ஆனால் மார்க்கோ மார்ட்டின் தொடங்கி வைத்த பிறகு அங்கிருந்து ரேலி ஓட்டுநர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சரளையில் வளர்ந்த பையனுக்கு முதல் மூன்று ரேலிகளும் சரளையாக அமைந்தது வாய்ப்பாகப் போயிற்று. ஆண்டின் முதல் பாதி அவருடையது. கோடை முடியும்போது பட்டியலின் உச்சியில் அவர் பெயர்தான்; பரிசுத் தொகையை அவர் கையில் கொடுத்துவிட்டதாகவே பலர் நினைத்தார்கள்.

துரத்தியவர் கிரெய்க் பிரீன். அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டு, வயது 21. அப்பா ரே பிரீன் அயர்லாந்தின் ரேலிக்காரர். வீட்டில் சாப்பாட்டு மேசையிலேயே ரேலி. கார்ட்டிங்கில் தொடங்கி, ஃபியஸ்டாவுக்கென்றே இருந்த ஒருகார்க் கோப்பையில் தேறி வந்தவர். அதனால் ஃபியஸ்டாவின் மூக்கு எங்கே போகும், வால் எங்கே போகும் என்பது அவருக்கு மனப்பாடம். பக்கத்து இருக்கையில் காரெத் ராபர்ட்ஸ், வேல்ஸ் பையன். அயர்லாந்தின் ரேலி என்றால் தார்ச்சாலை. இரண்டு பக்கமும் கல்சுவர் எழுந்து நிற்கும் குறுகிய கிராமச் சாலை. மோசெல் ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஜெர்மன் ரேலி வளைந்து வளைந்து ஏறி இறங்கியபோதும், ஸ்ட்ராஸ்பூர்கைச் சுற்றி அல்ஸாஸ் ரேலி ஓடியபோதும் பிரீனுக்கு அது அந்நிய மண்ணாகத் தோன்றியிருக்காது. இரண்டாம் பாதியில் இடைவெளி சுருங்கியது.

இவர்களைத் தவிரவும் ஆட்கள் இருந்தார்கள். வட அயர்லாந்தின் அலிஸ்டர் ஃபிஷர் அந்தப் பக்கத்தில் பெயர்பெற்ற ரேலிக் குடும்பத்துப் பிள்ளை. ஆஸ்திரேலியாவின் மோலி டெய்லர், பிரெல்லியின் உதவித்தொகையில் வந்தவர். அம்மா கோரல் டெய்லர் நான்கு முறை ஆஸ்திரேலிய சாம்பியனான துணை ஓட்டுநர். ஐரோப்பாவில் அந்த ஆண்டு மோலிக்குப் பெரிதாக எதுவும் கைகூடவில்லை. ஆனால் 2016-ல் ஆஸ்திரேலிய ரேலிப் பட்டத்தை வென்ற முதல் பெண் அவரே. 2021-ல் எக்ஸ்ட்ரீம் இ பட்டமும் அவர் இருந்த அணிக்கு வந்தது. ஓர் ஆண்டுப் பட்டியலில் கீழே இருந்த பெயரை வைத்து ஆளை எடைபோடக் கூடாது என்பதற்கு அகாடமியிலேயே ஆதாரம் இருக்கிறது.

மேலே பெரியவர்களின் ஆட்டமும் அதே சாலைகளில் சூடாக ஓடிக்கொண்டிருந்ததைச் சொல்லாமல் விட முடியாது. சிட்ரோயன் அணிக்குள் லோபுக்கும் ஓஜியேவுக்கும் பனிப்போர். போர்ச்சுகல் ஓஜியேவுக்கு, சார்டினியா லோபுக்கு, ஃபின்லாந்து லோபுக்கு, ஜெர்மனி ஓஜியேவுக்கு. அல்ஸாஸ் லோபின் சொந்த மண். அங்கே அவருடைய எஞ்சின் கையை விரித்தது, ஓஜியே வென்றார். நான்கே ஆண்டுகளுக்கு முன் 206 கோப்பையில் ஓடிய பையன், உலக சாம்பியனை அவன் வாசலிலேயே தோற்கடிக்கிறான். பின்னால் தடம் பார்த்து வந்துகொண்டிருந்த அகாடமிப் பையன்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்த எந்தப் பாடத்தைவிடவும் இது நன்றாக மனதில் பதிந்திருக்கும்.

நவம்பர் 10. வேல்ஸ் ரேலி இந்த முறை வடக்கே லாண்டட்னோ கடற்கரையில் தொடங்கி, கார்டிஃபில் முடிவதாக ஏற்பாடு. கடலோரக் குன்றைச் சுற்றிவிட்டுக் கார்கள் நடு வேல்ஸின் காடுகளுக்குள் புகுந்தன. அந்தக் காட்டுப் பாதை கண்ணுக்குச் சரளைபோல இருக்கும், காலடியில் சோப்பு. மரநிழல் விழும் இடமெல்லாம் ஈரம், ஈரம் இருக்கும் இடமெல்லாம் வழுக்கல். காலை ஏழு மணிக்கு வெளிச்சமே சரியாக வந்திருக்காது. அதோடு மூடுபனி இறங்கிவிட்டால் பேஸ் நோட்ஸை நம்பித்தான் பிழைப்பு.

காவுருக்குத் தேவைப்பட்டது முன்னிலையைக் காப்பாற்றிக்கொள்வது. பிரீனுக்கு எல்லாமே தேவைப்பட்டது: ரேலியையும் வெல்ல வேண்டும், ஸ்டேஜ் புள்ளிகளையும் வழியில் பொறுக்கிக்கொண்டே போக வேண்டும். வெறும் வெற்றி போதாது, வெறும் வேகமும் போதாது. காக்க வேண்டியவனைவிட எடுக்க வேண்டியவனுக்கு மனம் லேசு என்பார்கள். எனக்கு அது முழுக்க ஒப்பவில்லை. எடுக்க வேண்டியவன் ஒரு சாக்கடையில் சக்கரத்தை விட்டால் பேச்சே இல்லை, அன்றோடு கதை முடிந்தது. ராபர்ட்ஸுக்கு அது சொந்த நாட்டு ரேலி. அவர் குரலைப் பிடித்துக்கொண்டு பிரீன் காட்டுக்குள் போனார், அகாடமி வகுப்பை வென்று வெளியே வந்தார்.

கூட்டிப் பார்த்தார்கள். பிரீன் 111. காவுர் 111.

ஆறு ரேலிகள், எட்டு மாதங்கள், மூன்று வகைத் தரை, ஒரே கார், ஒரே டயர், ஒரே புள்ளி. சமநிலை வந்தால் என்ன செய்வது என்று விதிப்புத்தகத்தில் எழுதியிருந்தது. ஆண்டு முழுவதும் அதிக ஸ்டேஜ்களை வென்றவர் யார் என்று பார்த்தார்கள். அது பிரீன். பட்டமும் 5 லட்சம் யூரோவும் அயர்லாந்துக்குப் போயின.

காவுர் பக்கம் நின்று யோசித்தால் வயிறு எரியும். அந்த 111-க்குள்ளேயே ஸ்டேஜ் புள்ளிகளும் அடக்கம். அதாவது பிரீனுடைய ஸ்டேஜ் வெற்றிகள் ஒருமுறை கூட்டலில் எண்ணப்பட்டு அவரைச் சமநிலைக்குக் கொண்டுவந்தன. பிறகு சமநிலையை உடைக்க இன்னொரு முறை எண்ணப்பட்டன. முடித்த இடத்துக்கு மட்டும் மதிப்பெண் என்று இருந்திருந்தால் கோப்பை எஸ்டோனியாவுக்குப் போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இதை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். விதி மார்ச் மாதமே எல்லோர் கையிலும் இருந்தது; யாரும் நடுவில் மாற்றவில்லை. ஆனால் ஒரே காரைக் கொடுத்துவிட்டால் ஓட்டுநரின் திறமை தானாக வெளியே வந்துவிடும் என்று நம்பியவர்களுக்கு இந்த முடிவு ஒன்றைக் காட்டியது. எதைத் திறமை என்று எண்ணுகிறோம் என்பதை மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. காரில் இருந்த வேற்றுமையை அழித்தார்கள். அது புள்ளிப் பட்டியலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதன் பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். அகாடமியைத் தூக்கி நிறுத்தியவர்களில் ஒருவரான நார்த் ஒன் ஸ்போர்ட், அதாவது உலக ரேலியின் விளம்பர உரிமையை வைத்திருந்த நிறுவனம், பட்டமளிப்பு நடந்து சில வாரங்களிலேயே தாய் நிறுவனத்தின் திவாலில் சிக்கியது. 2012 ஜனவரியில் எஃப்ஐஏ ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. அகாடமி மட்டும் எப்படியோ தாக்குப்பிடித்தது. காவுர் பின்னாளில் தன் நாட்டு ரேலிகளில் தொடர்ந்து ஓடினார். உலகப் பட்டியலின் உச்சிக்கு அவர் போகவில்லை. அதே நாட்டின் ஓட் டனாக், 2010-ல் பிரெல்லி உதவித்தொகையில் ஓடியவர், அகாடமிப் பக்கம் வராமலே 2019-ல் உலக சாம்பியன் ஆனார்.

பிரீன் பரிசுப் பணத்தை அப்படியே ஃபியஸ்டா எஸ்2000-இல் போட்டார். 2012-ல் மான்டே கார்லோவிலேயே தன் வகுப்பில் முதலிடம். அந்த ஜூன் 16-ஆம் தேதி, உலக சாம்பியன்ஷிப்புக்கு வெளியே சிசிலியின் தார்கா ஃப்ளோரியோவில் ஓடும்போது கார் சாலையோரத் தடுப்பில் மோதியது. தடுப்புக் கம்பி துணை ஓட்டுநர் பக்கம் துளைத்து உள்ளே வந்தது. காரெத் ராபர்ட்ஸ் இறந்தார், வயது 24. பிரீனுக்குக் காயமில்லை. சில வாரங்கள் விலகியிருந்துவிட்டு, பால் நேகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து அந்த ஆண்டு எஸ்2000 கார்களுக்கான எஸ்டபிள்யுஆர்சி பட்டத்தை வென்றார். அதன் பின் சிட்ரோயன், ஹூண்டாய், எம்-ஸ்போர்ட், மறுபடி ஹூண்டாய் என்று அணி அணியாகப் போனார். 2016 ஃபின்லாந்தில் மூன்றாம் இடம் வந்தபோது அழுதார், ராபர்ட்ஸை மறந்ததேயில்லை. உலக ரேலி ஒன்றில்கூட அவர் ஒட்டுமொத்த வெற்றி பெறவில்லை. 2023 பிப்ரவரியில் சுவீடனில் இரண்டாவதாக வந்தார். இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 13 அன்று, குரோவேஷியாவில் ரேலிக்கு முந்தைய சோதனை ஓட்டத்தில் விபத்தில் இறந்தார். வயது 33.

அகாடமி என்ற பெயர் இரண்டே ஆண்டுதான் நிலைத்தது. 2013-ல் அதே ஃபியஸ்டா ஆர்2-வோடு பழைய 'ஜூனியர் டபிள்யுஆர்சி' பெயருக்குத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு சிட்ரோயன் டிஎஸ்3, 2017-ல் மறுபடி ஃபியஸ்டா, 2022-ல் நான்குசக்கர இயக்கம் கொண்ட ஃபியஸ்டா ரேலி3. கார் மாறியது, ஒரே கார் என்ற ஏற்பாடு மாறவில்லை. ஸ்டேஜ் வென்றால் ஒரு புள்ளி என்ற 2011-இன் விசேஷம் பின்னாளிலும் ஜூனியர்களிடம் இருந்தது.

அகாடமியின் இரண்டாவது, கடைசி ஆண்டான 2012-ல் காட்சி வேறு. வேல்ஸிலிருந்து வந்த எல்ஃபின் எவன்ஸ், 1996-இன் பிரிட்டிஷ் சாம்பியன் குவிண்டாஃப் எவன்ஸின் மகன், யாரையும் கால்குலேட்டர் எடுக்க விடவில்லை. மறு ஆண்டு சார்டினியாவில், வர முடியாமல் போன நாசர் அல்-அத்தியாவின் இடத்தில், பெரிய காரில் திடீரென்று உட்காரவைக்கப்பட்டு ஆறாவதாக வந்தார். அந்த அழைப்பு எப்படி வந்தது என்பதிலிருந்து அடுத்த இதழில் தொடங்குவோம்.

(தொடரும்)